வியாழக்கிழமை உருப்படிகள்

இரண்டு சட்டை ஆயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. மூன்றாவதும் நாலாவதும் இன்றைக்கே ஆக வேண்டும், நேற்று ஆகியிருக்க வேண்டியது, எதிர்வீட்டுப் பெண் வந்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்துவிட்டாள், போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டால்தான் எனக்குப் பிசகும். தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்தது பதமாக இருக்கிறது, ஈரமும் இல்லை, காய்ந்தும் போகவில்லை. கஞ்சிதான் கொஞ்சம் கூடிவிட்டது, விரலால் தட்டினால் காகிதம் மாதிரிச் சத்தம் வருகிறது, காத்தாயி கை கஞ்சியில் எப்போதும் தாராளம். வெளுப்பது காத்தாயி, பெட்டி போடுவது நான், கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். வேறு யார் கை பட்டாலும் அவருக்குக் கழுத்துப்பட்டி நிற்காது, நாய்க் காது மாதிரித் தொங்குது பார் என்பார். பெட்டியின் அடியை வாழையிலையில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிறேன், இலை பொசுங்குகிறது. முதலில் கழுத்துப்பட்டி, உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம், ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் நுனியில் சுருக்கம் விழுந்துவிடும், அப்புறம் தோள், அப்புறம் கை, முதுகு கடைசியில். குழலி ஒரு நாள் கேட்டாள், “ஏம்மா, அழுக்குப் பண்ணப்போற சட்டைக்கு எதுக்கு இப்படிப் பாத்துப் பாத்துப் பெட்டி போடறே?” என் மகள் கேட்டால் எனக்கு உடனே பதில் வராது, அவள் பத்து வரை படித்தவள், நான் ஐந்தோடு நின்றவள். ராத்திரி படுத்த பிறகு பதில் வந்தது. பெட்டி போடாத துணியைக் கையால் கசக்கினால் அது துணியின் கசங்கல். பெட்டி போட்டதை ஒரு உடம்பு போட்டுக்கொண்டு கசங்கினால்தான் அது ஆளின் கசங்கல். முழங்கை மடிகிற இடத்தில் விசிறி மாதிரி வரும், இடுப்புக்குப் பின்னால் குறுக்கே வரும், அதைக் கையால் செய்ய முடியாது, நான் செய்து பார்த்துவிட்டேன்.

அவர் ஆடியில் போனவர், கார்த்திகை வந்துவிட்டது, வரவில்லை. சுருட்டுக் கம்பெனிக்கு ஊர் ஊராய்ப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான், அதனால் உறையூரில் எங்கள் தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ராத்திரிக் கடைசி பஸ்ஸில் வந்தார், விடியுமுன் போய்விட்டார் என்று நான் சொன்னால் அப்படியா என்று கேட்டுக்கொள்கிறார்கள். கம்பெனிக் கணக்கப்பிள்ளை மட்டும் ஒரு நாள் வந்து, வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஆர்டரெல்லாம் காரைக்குடிப் பக்கமிருந்து வாராவாரம் வருது, சம்பளத்துல பாதிய இங்க குடுக்கச் சொல்லியிருக்காரு, மத்தபடி ஒண்ணும் எழுதலைங்க. நல்ல மனிதர், வெளியே வாய் திறக்க மாட்டார். ஆக ஆள் இருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை, வரவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுத் தன்னை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இதை நான் யாரிடம் சொல்ல. குழலிக்குத் தையில் கல்யாணம். ஆனியில் தட்டு மாற்றினபோது அவர்தான் கை நீட்டி வாங்கினார், தையில் தகப்பனுக்கு எங்கே போவது என்பது தையில் வருகிற பயம், அதற்கு முன்னால் கார்த்திகையும் மார்கழியும் இருக்கின்றன, நான் வாரத்துக்கு ஒரு பயம்தான் பார்த்துக்கொள்ள முடியும். மாப்பிள்ளையின் அம்மா நாச்சியாரம்மா பக்கத்துத் தெருதான். கெட்டவள் இல்லை. ஆனால் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள், கத்தரிக்காயைக்கூடக் காம்பை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். அப்பன் வீட்டை விட்டுப் போன பெண் என்று தெரிந்தால் தட்டு திரும்பி வந்துவிடும், பேசாமல், மரியாதையாக, வேறு ஏதோ காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்துவிடும். அந்த வீட்டுக்கும் காத்தாயிதான் வெளுக்கிறாள். வியாழக்கிழமை இங்கே அழுக்குத் துணி உருப்படிகளை எடுத்துக்கொண்டு, நேரே அங்கே போவாள், இன்றைக்கும் போவாள்.

யாருக்கு என்ன தெரியாவிட்டாலும் வெளுக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். எந்த வீட்டில் பிள்ளை இன்னும் படுக்கையை நனைக்கிறது, எந்த வீட்டில் மருமகள் இந்த மாசம் விலக்காகவில்லை, எந்த வீட்டு ஐயாவுக்கு இருமலில் ரத்தம் வருகிறது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில். ஆடி போய் ஆவணி பிறந்த முதல் வியாழக்கிழமை காத்தாயி கொல்லையில் உட்கார்ந்து துணிகளைத் தட்டித் தட்டிப் பிரித்துக்கொண்டே, “என்னாங்கம்மா, ஐயா சட்டை ஒண்ணையும் காணோம்?” என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். இதோ என்று உள்ளே போனேன், பீரோவில் அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன், கசக்கினேன், காலால்கூட மிதித்தேன், அவர் சட்டையை, சாமி மன்னிக்க வேண்டும், கொண்டுவந்து போட்டேன். அவள் அதை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு மூட்டையில் வைத்தாள். அந்த உதறல் என்னைத் தூங்கவிடவில்லை. உதறினபோது என்ன பார்த்தாள், எதைக் காணவில்லை. வேர்வை இல்லை. சுருட்டு வாசனை இல்லை. பையில் தூள் இல்லை. அவர் சட்டைப் பையில் கடைகளில் காட்டுகிற மாதிரிச் சுருட்டு வைத்து வைத்து எப்போதும் புகையிலைத் தூள் கிடக்கும், தண்ணீரில் போட்டால் பழுப்பாய் இறங்கும். காத்தாயி அதற்காகவே என்னை வம்புக்கு இழுப்பாள், “உங்க ஊட்டுப் பையில ஒரு நாளாச்சும் முழுச் சுருட்டுக் கெடைக்குதான்னு பாக்கறேன், எம்புருசன் கேக்கறான், தூளுதான் வருது” என்பாள். அடுத்த வாரத்திலிருந்து நான் எதையும் விடவில்லை. அவர் விட்டுப்போன மாதிரிச் சுருட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து உதிர்த்துப் பையின் மூலையில் தேய்ப்பேன். வலது மணிக்கட்டுப் பட்டியில் காப்பி எடுக்கிற மைப்பென்சிலை நாக்கில் நனைத்து ஊதாவாய் ஒரு தீற்று, ஆர்டர் எழுதுகிற கை அது. இடது பட்டியில் ஒன்றும் கூடாது. அடுப்பில் வெறும் வெந்நீர் மட்டும்தான் கொதிக்க வேண்டும், தாளிதம் கூடாது, எண்ணெய்ச் சட்டி கூடாது, சமையல் வாசனை துணியில் ஏறிவிடும். அந்தத் தப்பை ஒரே ஒரு வாரம் செய்தேன், குழலிதான் கண்டுபிடித்தாள், “அப்பா சட்டையில கடுகு வாசனை வருதும்மா” என்றாள், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வாசல் கதவைச் சாத்தினாள். அதற்குமேல் நாங்கள் இதைப் பற்றிப் பேசினதில்லை. நான் சட்டையை எடுத்தால் அவள் போய் வாசல் கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

பெட்டி போட்டாயிற்று. நாலாவதைக் கொடியில் மாட்டிவிட்டு மூன்றாவதைப் போட்டுக்கொள்கிறேன். ரவிக்கைக்கு மேலே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. எனக்குப் பெரிது, தோள் தையல் என் கையில் பாதி வரைக்கும் இறங்குகிறது, பொத்தான் எனக்குத் தெரிந்த பக்கத்தில் இல்லை, ஒவ்வொரு தடவையும் விரல் தடுமாறுகிறது. முதல் நாள் போட்டபோது வெட்கத்தில் காது மடல் எரிந்தது, நாற்பத்தெட்டு வயதில், யாரும் இல்லாத அடுப்படியில். இப்போது வெட்கம் இல்லை. இப்போது வேறொன்று, போட்டவுடன் முதுகில் சூடு படிகிறது, பெட்டியின் சூடுதான், ஆனாலும் ஒரு நிமிஷம் யாரோ பின்னால் நிற்கிறதுபோல இருக்கும், திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அந்த ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷமாக நீளும். அடுப்புக்கு முன்னால் மணைப்பலகையைப் போட்டு உட்கார்கிறேன், விறகைத் தள்ளுகிறேன். வேர்க்கட்டும். நாலே சட்டைதான், அது ஒரு பயம். மொத்தம் ஒன்பது, ஐந்து அவரோடு போயிற்று, இந்த நாலும்தான் மாறி மாறிப் போய் வருகிறது, கோடு போட்டது ஒன்றையும் காணோமே என்று காத்தாயி கேட்டால் என்ன சொல்ல, போன ஊரிலேயே வெளுக்கப் போட்டுவிடுகிறார் என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு யார் கண்ணையும் பார்த்துச் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் அவருக்குப் பெட்டி போட்ட இரண்டாவது சட்டையோ மூன்றாவதோ, முதுகில் பெட்டியை வைத்துவிட்டு, மாமியார் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன், வந்து பார்த்தால் முதுகுக்கு நடுவில் பழுப்பாய்ப் பெட்டியின் வடிவம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேல்துண்டை முதுகில் மடித்துப் போட்டுக்கொண்டு அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போனார், அந்தக் கோடை முழுக்க. அவர் கோபம் பேசாது. கழுத்துப்பட்டி சரியில்லை என்றால் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பனியனோடு திண்ணென்று உட்கார்ந்திருப்பார், நான் மறுபடி போட்டுக் கொடுக்கிற வரைக்கும். அப்படிப்பட்டவர்தான் போகிற அன்றைக்குப் பரவாயில்லை என்றார்.

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆடி மழை, காத்தாயி கொண்டுவந்த துணியெல்லாம் சவசவ என்று இருந்தது, நான் சொன்னேன், இன்னும் பெட்டி போடலைங்க, வெயில் வந்தால் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன். அவர் சட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரவாயில்லை, அப்படியே வை என்றார். நான் அப்படியே வைத்தேன். ஐந்தும் கசங்கல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை, காபியைக் குடித்துவிட்டு வாசற்படியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார், அந்த நேரத்தில் ஒன்றாவது போட்டிருக்கலாம், ஈரத்தோடேயே போட்டிருந்தால் ஆவி பறந்து காய்ந்திருக்கும். நான் ஏன் போடவில்லை. அவர் பரவாயில்லை என்று சொன்னதால் போடவில்லை. அவர் ஏன் சொன்னார். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, இருபத்தாறு வருஷமாய் இந்தப் பெட்டியைத் தூக்குகிறாளே, இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்று. அல்லது கழுத்துப்பட்டி நிற்கிறதா தொங்குகிறதா என்று பார்க்கிற ஆள் இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்ற நிம்மதியில் சொன்னாரா. குரலில் கோபம் இல்லை, அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன், கோபம் இல்லை, லேசாக இருந்தது, தலைச்சுமையை இறக்கி வைத்தவன் சொல்கிற மாதிரி. சட்டைக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா, போகமாட்டார்கள். அப்படியானால் நான் பெட்டி போட்டுக் கொடுத்திருந்தாலும் போயிருப்பார். அப்படியானால் என் மேல் தப்பில்லை. தப்பில்லை என்றால் எனக்கு ஏன் இந்த ஒரு வார்த்தை மட்டும் மீன் முள் மாதிரி நிற்கிறது, சோற்று உருண்டையை விழுங்கிப் பார்த்தாலும் இறங்கவில்லை. அங்கே அவருக்கு யார் பெட்டி போடுகிறார்கள். யாரோ போடுகிறார்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு வரத் தெரிந்த யாரோ, என்றால் அது ஒரு பயம். யாருமே போடுவதில்லை, கசங்கிய சட்டையோடு கடை கடையாய் ஏறி இறங்குகிறார், அதிலேயே சந்தோஷமாகவும் இருக்கிறார் என்றால் அது இன்னொரு பயம், அதுதான் பெரிய பயம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது இத்தனை வருஷம் நான் போட்டதெல்லாம், கொல்லைக் கதவைத் தட்டுகிறார்கள், எழுந்திருக்கிறேன், போட்டதெல்லாம் யாருக்காக, விறகு வெளியே சரிகிறது, அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை நீக்குகிறேன், பரவாயில்லை என்று சொன்னபோது அவர் சிரித்தாரோ, கதவைத் திறக்கிறேன், காத்தாயி.

தலையில் மூட்டை. அவள் கண் என் முகத்தில் இல்லை, கழுத்தில் இருக்கிறது, தோளில் இருக்கிறது, தொங்குகிற கையில் இருக்கிறது. அப்போதுதான் எனக்கும் தெரிகிறது, சட்டையோடேயே வந்துவிட்டேன். கதவைச் சாத்த வேண்டும், கை வரவில்லை.

“என்னாங்கம்மா,” என்கிறாள் காத்தாயி. “ஐயா சட்டை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. தோளுதான் கொஞ்சம் எறக்கம்.”

“குளிருதுன்னு…”

“அடுப்படியிலயா?”

இத்தனை வாரம் ஒவ்வொரு பொய்யாய் யோசித்து யோசித்து வைத்திருந்தேன், இதற்கு ஒன்று யோசிக்கவில்லை. காத்தாயி மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்து, தனக்குப் பின்னால் கதவைத் தானே சாத்துகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படியைத் தாண்டினதில்லை, நாங்கள் தாண்டச் சொன்னதுமில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர் ஓரமாகக் குந்துகிறாள்.

“பயப்படாதீங்க. எனக்கு ஆவணியிலயே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஐயா வரலைன்னு.”

வெந்நீர் தளதளக்கிறது. நான் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கே பிசகினேன். தூள் போட்டேனே, பென்சில் தீற்றினேனே, கடுகு வாசனை ஒரே ஒரு வாரம்தானே. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, அவள் பதில் சொல்கிறாள்.

“தூளெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பென்சில் கறைகூட நல்லாத்தான் வச்சிருந்தீங்க. உவர்மண்ணுல முக்கி வெள்ளாவிக்கு அடுக்கறேன், பாத்தா கழுத்து பூரா செக்கச்செவேல்னு செவந்து நிக்குது, ஒண்ணு பாக்கியில்லாம. ஆம்பளை வேர்வை செவக்குமாங்கம்மா? மஞ்சள்தான் உவருல பட்டாச் செவக்கும். வெயில்ல காஞ்சா போயிடும், அதான் உங்களுக்குத் திரும்பி வர்றப்பத் தெரியல.”

மஞ்சள். கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. காலையில் குளிக்கும்போது பூசினது, தினம் பூசுகிறது, இன்றைக்குப் பூசினேன் என்று எனக்கு நினைவுகூட இல்லை, அது என் மேலிருக்கிற பொருள் என்றே நான் நினைத்ததில்லை, என் நிறம் அது. கடுகை நினைத்தேன், எண்ணெயை நினைத்தேன், என்னை நினைக்கவில்லை.

“யார்கிட்டயாவது…”

“சொல்லுவனா? நல்லாக் கேட்டீங்க. குழலிப் பாப்பா வயசுக்கு வந்தப்ப மாத்துத் துணி கொண்டாந்து குடுத்தவ நானு. அது கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை நடந்து வர நடைபாவாடை விரிக்கப்போறதும் நாந்தான். என் வரும்படிய நானே கெடுத்துக்குவனா?” சிரிக்கப் பார்க்கிறாள். பிறகு சிரிப்பை விட்டுவிடுகிறாள். “நான் சீக்கிரமா வந்ததே அதுக்குத்தாங்க. நாச்சியாரம்மா போன வாரமே கேட்டாங்க, அந்த வீட்டு உருப்படியில ஆம்பளைச் சட்டை வருதாடின்னு. வாரம் நாலு வருதுன்னு சொல்லிப்புட்டேன். பொய்யா? வருதுல்ல? அந்தம்மா விடல. இந்த வாரம் எடுத்துக்கிட்டு வர்றப்ப ஒண்ண எங்கிட்டக் காட்டுன்னுட்டாங்க.”

“ஏன் திடீர்னு?”

காத்தாயி தரையைப் பார்க்கிறாள், கணக்கப்பிள்ளை பார்த்த மாதிரியே. “அவங்க சொந்தக்காரரு யாரோ காரைக்குடியிலேருந்து வந்தாராம். சுருட்டுக் கம்பெனி ஐயா அங்கயே ஒரு வீடு எடுத்திருக்காருன்னு சொன்னாராம். அப்படியெல்லாம் இருக்காதுன்னுதான் அந்தம்மாவும் சொன்னாங்க. ஆனா காட்டுன்னாங்க.”

வீடு. வீடு எடுத்திருக்கிறார். யாரோடு என்று கேட்கலாம். கேட்டால் ஒரு பதில் இருக்கும், அந்தப் பதிலை வைத்துக்கொள்ள எனக்கு இன்றைக்கு இடம் இல்லை. நாச்சியாரம்மாவின் விரல்தான் கண் முன்னால் வருகிறது, காம்பைக் கீறுகிற நகம், கழுத்துப்பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்க்கும், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். கூடையில் கிடக்கிற இரண்டிலும் மஞ்சள், என் மேல் கிடக்கிறதிலும் மஞ்சள். கொடியில் நாலாவது மட்டும் இருக்கிறது, வெள்ளை வெளேரென்று, இன்னும் பெட்டிச் சூடு ஆறாமல்.

“அத நீங்க போடறதுக்கு முந்தி…” என்று ஆரம்பித்துவிட்டுக் காத்தாயி நிறுத்திவிடுகிறாள். எனக்கு விளங்குகிறது. அவளுக்கும் விளங்கியிருக்கிறது, அதனால்தான் முடிக்கவில்லை. விளக்கு வைக்கப்போகிற நேரத்தில், புருஷன் இருக்கிறவள், முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவி மஞ்சளை எடுப்பதா. இந்தத் தெருவில் எத்தனை வீட்டில், எத்தனை பத்தாம் நாள், மஞ்சளும் பூவும் போகிற அந்த நேரத்தில் காத்தாயி மாற்றுத் துணியோடு பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவள் நிற்க, ஒருத்தி கழுவினால், அதற்கு வேறு பெயர். அவர் இருக்கிறார் என்று காட்டுவதற்கு நான் அவர் இல்லாதவள் மாதிரி ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நேரே நாச்சியாரம்மாவிடமே போய், இதுதான் விஷயம், இஷ்டமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தெருமுனை வரைக்குமே கால் வராது. வந்தாலும் குழலியின் முகம் வரும், சத்தம் போடாமல் அவள் கதவு சாத்துகிற விதம் வரும்.

சவுக்காரத்தை எடுக்கிறேன். தொட்டித் தண்ணீரில் கையை விடுகிறேன். காத்தாயி சட்டென்று எழுந்திருக்கிறாள்.

“இருங்க இருங்க. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கறேன். நான் பாத்ததா இருக்க வேணாம்.”

திரும்பிக்கொள்கிறாள். முகம் சுவரில் முட்டுகிற மாதிரி அவ்வளவு நெருக்கமாக, கண்ணையும் மூடிக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் தேய்க்கிறேன். கன்னம், தாடை, கழுத்து, பிடரி. நுரை கையில் சிவக்கிறது, அவள் சொன்ன மாதிரியே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்கிறது, தொட்டி ஓரத்தில் வழிந்து கல்லில் ஓடுகிறது. ஊற்றுகிறேன், மறுபடி தேய்க்கிறேன், இன்னும் லேசாகச் சிவக்கிறது, மறுபடி. இருபத்தாறு வருஷத்தில் ஏறினது ஒரு சவுக்காரத்தில் இறங்குமா. இறங்குகிறது. பழைய துண்டால் துடைத்தால் துண்டு வெள்ளையாகவே வருகிறது.

“சரடு?” என்கிறாள் திரும்பாமல்.

தாலிச் சரடு. அதிலும் மஞ்சள். கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“கழட்டிடாதீங்கம்மா. ஒரு கிழிசலச் சுத்தி ரவிக்கைக்குள்ள விட்டுக்குங்க. கழுத்துல ஏறுற எடத்துலயும் சுத்துங்க.”

வேட்டிக் கிழிசல் ஒன்று கிடக்கிறது, அதைச் சரட்டோடு சரடாய்ச் சுற்றி, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி முடிச்சுப் போட்டு, உள்ளே விட்டுக்கொள்கிறேன். மூன்றாவதைக் கழற்றிக் கூடையில் போடுகிறேன். நாலாவதைக் கொடியிலிருந்து எடுக்கிறேன். பொத்தான் இந்தத் தடவை தடுமாறவில்லை. கழுத்துப்பட்டி வெறும் கழுத்தில் நேராகப் படுகிறது, கஞ்சியின் ஓரம் கீறுகிறது, இத்தனை நாள் கீறினதில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விறகைச் சேர்த்து வைத்து ஊதுகிறேன், கண்ணில் புகை, முகத்தில் அனல், நெற்றியில் புறப்பட்டுக் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்துப்பட்டிக்குள் போகிறது. வீடு எடுத்திருக்கிறார். அந்த வீட்டுக்கும் ஒரு கொல்லை இருக்கும், ஒரு கிணறு இருக்கும், அங்கேயும் ஒருத்தி வாரத்தில் ஒரு நாள் வந்து கதவைத் தட்டி உருப்படி கேட்பாள், உள்ளேயிருந்து யாரோ சட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள், அதில் தூள் தானாகவே இருக்கும், வேர்வை தானாகவே இருக்கும், யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எனக்குப் பயமாக இல்லை. பயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், காணவில்லை, அது இருந்த இடத்தில் இந்தச் சூடு மட்டும் இருக்கிறது. முதுகு நனைந்துவிட்டது, துணி ஒட்டுகிறது, விலாவில் ஒட்டுகிறது, அக்குளில் ஒட்டுகிறது. விறகைத் தள்ளுகிறேன்.

“போதுமாங்கம்மா?” காத்தாயி சுவரைப் பார்த்தபடியே கேட்கிறாள். “நேரமாச்சு, அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.”

போதும். இதற்கு மேல் வேண்டியதில்லை, எனக்கே தெரிகிறது, ஆனால் முதுகில் அந்தச் சூடு இன்னும் விலகவில்லை.

“இன்னும் கொஞ்சம்,” என்கிறேன். “திரும்பாதே.”